வாயில் ஆகிய நடிகர்: டெல்லி கணேஷின் துணைப்பாத்திரக் கலை

நாடகத்தில் தலைமக்கள் ஒருவர் அல்லது இருவர்; ஏனையோர் பலர். அப்பலரும் இன்றி நாடகம் நடவாது. ஆயினும் திறனாய்வாளர் எழுதும் நூல்களில் தலைமக்களே நிறைந்திருப்பர். ஏனையோர் பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாக நின்றுவிடுவர். தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆராய்ச்சியிலும் பெரும்பாலும் இந்நிலையே உள்ளது. துணைப்பாத்திரம் ஏற்பாரை 'இயல்பாக நடித்தார்' என்று ஒரு தொடரால் பாராட்டி விடுத்தல் வழக்கமாகிவிட்டது. இயல்பு என்பது யாது, அஃது எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அதனால் காண்பார்க்கு விளைவது யாது என்னும் வினாக்கள் மிகுதியும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சான்றாக இங்கு எடுத்துக்கொள்ளப்படுபவர் 2024 நவம்பரில் மறைந்த டெல்லி கணேஷ் ஆவர்.

வாழ்வும் தொழிலும்

இவர் 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாளில் பிறந்தவர். ஊர் வல்லநாடு, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1964 முதல் 1974 வரை இந்திய வான்படையில் பணியாற்றினார். தலைநகரில் தமிழர் நடத்திவந்த தட்சிண பாரத நாடக சபாவின் மேடை அவர்க்குப் பயிற்சிக் களமாயிற்று. பின்னர்ச் சென்னையில் காத்தாடி இராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' என்னும் நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் திரைப்படமாக்கியபோது, அதில் கணேஷுக்கு இடம் கிடைத்தது. படம் 1977இல் வெளிவந்தது. 'டெல்லி' என்னும் அடைமொழியும் பாலசந்தர் அளித்ததே.

அன்று தொட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அவர் நடித்தார். படங்கள் நானூற்றுக்கு மேற்பட்டவை. தொலைக்காட்சித் தொடர்களும் குறும்படங்களும் இவற்றின் வேறாவன. 1981இல் வெளிவந்த 'எங்கம்மா மகாராணி' போன்ற ஓரிரண்டில் தலைமைப் பாத்திரம் வாய்த்தது. ஏனையவற்றில் எல்லாம் அவர் தந்தை, மாமன், சமையற்காரர், பக்கவாத்தியக்காரர், மருத்துவர், கணக்கர், அடியாள் என்று யாரேனும் ஒருவரைச் சார்ந்து நிற்பவராகவே வந்தார். இச்சார்பினைக் குறையாகக் கருதினால் அவர் கலை நமக்குப் புலப்படாது. சார்ந்து நிற்றலே அவர் கலையின் அடிப்படை என்று கொண்டால் பல உண்மைகள் தாமே விளங்கும்.

அளவுகோல்

இதற்கு வேண்டிய அளவுகோலைப் புதிதாகத் தேட வேண்டுவதில்லை. தொல்காப்பியம் இரண்டு கருத்துக்களைத் தருகின்றது. ஒன்று வாயில் என்பது. கற்பு வாழ்க்கையில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நிற்போரைத் தொல்காப்பியர் வாயில்கள் என்கின்றார். தோழி, பாங்கன், பாணன், விறலி, கூத்தர், கண்டோர் முதலாகப் பன்னிருவர் அவருள் அடங்குவர். இவர்க்குத் தமக்கெனக் காதற் கதை இல்லை. ஆயினும் இவர் வழியாகவே தலைமக்களின் உள்ளம் நமக்குத் தெரிய வருகின்றது. வாயில் என்னும் சொல்லின் பொருத்தம் எண்ணி மகிழத்தக்கது. வாயிலில் எவரும் தங்குவதில்லை. ஆனால் வாயில் இன்றி வீட்டினுள் எவரும் புகுவதுமில்லை.

மற்றொன்று மெய்ப்பாடு. உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் வெளிப்படுதல் மெய்ப்பாடு எனப்படும். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இளிவரல், அதாவது தன்னைத் தாழ்வாக உணரும் உணர்ச்சி, மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கால் பிறக்கும். அச்சம் பிறத்தற்குரிய நான்கனுள் இறை ஒன்று. அரசன் முதலாகத் தம்மின் மேம்பட்டோரை இறை எனக் கொள்ளலாம்.

இவ்விரண்டு கருத்துக்களையும் இணைத்து நோக்கின், தலைமை நடிகர்க்கும் துணை நடிகர்க்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். தலைமை நடிகர் அழுதால் நாமும் அழுகின்றோம். அவர் பெருமிதம் கொண்டால் நாமும் பெருமிதம் கொள்கின்றோம். அவர்கண் தோன்றுவதும் நம்கண் தோன்றுவதும் பெரும்பாலும் ஒரே மெய்ப்பாடு. சிறந்த துணை நடிகரிடத்து இவ்வாறு அன்று. அவர்கண் தோன்றுவது ஒன்று. நம்கண் விளைவது வேறொன்று. அவர் அஞ்சுகின்றார், நாம் நகைக்கின்றோம். அவர் நாணித் தலைகுனிகின்றார். நாம் அவர் எதிரே நிற்பவனை எடைபோடுகின்றோம். தம் உணர்ச்சியை நம்மிடம் தங்கவிடாமல் வேறொருவரிடத்து நம்மைச் செலுத்துகின்ற இச்செயலே வாயிலின் தொழில். டெல்லி கணேஷின் சிறந்த பாத்திரங்கள் இக்கருத்துக்குத் தக்க சான்றுகளாகும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இளிவரல்: சிந்து பைரவி

1985இல் வெளிவந்த பாலசந்தரின் 'சிந்து பைரவி'யில் தலைவன் ஜே.கே.பி. என்னும் இசைவாணன், நடித்தவர் சிவகுமார். கணேஷ் ஏற்றது அவனுக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியின் பாத்திரம். குருமூர்த்தி குடிப்பழக்கம் உடையவர். அவர் குடித்திருத்தலை அறிந்த ஜே.கே.பி., கலையின் தூய்மை கெடும் எனச் சினந்து அவரை விலக்கிவிட்டு, மிருதங்கம் இன்றியே பாடுகின்றான். தாளத்துணை இன்றியும் தன்னால் பாட இயலும் என்னும் செருக்கு அதில் உண்டு. கலைக்கு நேர்மை வேண்டும் என்னும் கொள்கையும் உண்டு. குருமூர்த்தி இனிக் குடிப்பதில்லை என்று உறுதி கூறிய பின்னரே மீண்டும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றார்.

இப்பகுதியில் கணேஷ் செய்வது மிகச் சிறிது. தம் நிலையை நியாயப்படுத்தும் குரல் அவரிடத்து எழுவதில்லை. தோள் சற்றுக் குறுகுகின்றது. கண் எதிரே நிற்பவன் முகத்தை நேரே நோக்க மாட்டாமல் தாழ்கின்றது. இது வருத்தத்தாலும் மென்மையாலும் பிறந்த இளிவரல். இதனைக் கண்டு நாம் குருமூர்த்திக்காக நெடிது இரங்குவதில்லை. இத்துணை உறுதியாகத் தண்டிக்கின்ற இவன் எத்தகையவன் என்று ஜே.கே.பி.யை நோக்கித் திரும்புகின்றோம். அவனுடைய உயரம் நமக்குத் தெரிவது குருமூர்த்தியின் தாழ்வினால்தான்.

கதை வளர்கின்றது. அதே ஜே.கே.பி. குடிக்கு அடிமையாகின்றான். அப்பொழுதுதான் முதலில் கண்ட காட்சியின் முழுப் பயனும் வெளிப்படுகின்றது. தலைவன் வீழ்ந்த பள்ளம் எவ்வளவு ஆழமுடையது என்பதனை அளக்க நம்மிடம் முன்னரே ஓர் அளவு இருக்கின்றது. அது குருமூர்த்தியின் குனிந்த தலை. விலக்கப்பட்டவர் திருந்தி நிற்க, விலக்கியவன் தள்ளாடுகின்றான். இம்முரணைக் கதையாசிரியர் அமைத்தார் என்பது உண்மை. ஆயினும் முதற் காட்சியிலேயே கணேஷ் நகைப்புக்குரிய குடிகாரனாக நடித்திருப்பின், பின்னர் வரும் முரண் வலுவிழந்திருக்கும். தமிழ்ப் படங்களில் குடிகாரன் என்றால் தள்ளாட்டமும் குழறலும் கூட்டி நகை விளைத்தல் எளிய வழி. அவ்வெளிய வழியை அவர் மேற்கொள்ளாமை கதை முழுவதையும் தாங்கிற்று.

அச்சமும் பெருமிதமும்: நாயகன்

1987இல் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' படத்தில் கணேஷின் பாத்திரத்துக்குப் பெயர் அய்யர் என்பது மட்டுமே. மும்பையில் வாழும் வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. அவர் கூறுவதைப் பிறர்க்கும், பிறர் கூறுவதை அவர்க்கும் மொழிமாற்றி உரைப்பவர் இவ்வய்யர். வாயில் என்னும் சொல் இங்கு உவமையளவில் நில்லாது, உண்மைத் தொழிலாகவே அமைந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளன் நிலை நடிகனுக்குக் கடினமானது. கூறும் சொற்கள் அவனுடையன அல்ல. சினமும் அவனுடையது அன்று. தலைவனின் சினத்தைத் தன் குரலில் ஏற்றினால் அவனும் தலைவனாகிவிடுவான். ஏற்றாமல் விட்டால் செய்தி உயிரற்றதாகும். கணேஷ் இவ்விரண்டற்கும் இடையே ஒரு வழி கண்டார். கமலஹாசன் நடித்த நாயக்கர் குறைவாகப் பேசுபவர், தாழ்ந்த குரலினர். அவர் அருகில் நிற்கும் அய்யரிடம் பணிவும் சிறிது பதற்றமும் எப்பொழுதும் உள்ளன. எதிரே நிற்பவரைவிடத் தம் தலைவரையே அவர் மிகுதியாக உற்று நோக்குகின்றார் என்று நமக்குத் தோன்றுகின்றது. இறையால் பிறக்கும் அச்சம் இது. அன்பு கலந்த அச்சம். அதனைக் காணும் நம்கண் விளைவது அச்சமன்று. நாயக்கரின் பெருமிதம் பற்றிய உணர்வே. ஒருவன் பெரியன் என்பதனை அவனே கூறினால் தற்புகழ்ச்சியாகும். அருகில் நிற்பவன் நின்ற நிலையால் கூறினால் அது சான்றாகும். இப்படத்தின் தலைமை நடிப்பு பெரிதும் பாராட்டப்பட்டது. கமலஹாசனுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அப்பாராட்டில் அருகில் நின்றோர்க்கும் ஒரு பங்கு உண்டு எனல் மிகையாகாது.

அச்சமும் நகையும்: மைக்கேல் மதன காமராஜன்

நகைச்சுவையில் இவ்விதி இன்னும் தெளிவாகச் செயற்படுகின்றது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கிரேசி மோகன் உரையாடல் எழுதிய 'மைக்கேல் மதன காமராஜன்' 1990இல் வெளிவந்தது. ஒரே தோற்றமுடைய நால்வராகக் கமலஹாசன் நடித்தார். அவருள் ஒருவனாகிய காமேசுவரனை எடுத்து வளர்த்த பாலக்காட்டு மணி அய்யராகக் கணேஷ் வருகின்றார். தந்தை, மகன் இருவரும் சமையற் தொழிலினர். திருமண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் பகுதி இன்றும் மக்களால் நினைக்கப்படுகின்றது.

நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கால் பிறக்கும் என்பர். நம் படங்களில் வரும் நகைச்சுவை மிகுதியும் எள்ளலைச் சார்ந்தது. ஒருவர் மற்றொருவரை இழித்துரைப்பார், அவையோர் நகைப்பர். கணேஷின் நகைச்சுவையில் எள்ளல் அருகியே காணப்படும். மணி அய்யர் எவரையும் இகழவில்லை; தாம் நகைச்சுவை செய்கின்றோம் என்னும் அறிவும் அவர்க்கு இல்லை. சைவச் சமையற்காரன் ஒருவனுக்குச் சாம்பாரில் மீன் என்பது தொழிலின் மானம் போகும் செய்தி. ஊரார்முன் தலைகாட்ட இயலாத செய்தி. அவ்வச்சத்தை அவர் முழு மெய்ம்மையுடன் ஏற்றுக்கொள்கின்றார். அவர் எவ்வளவு மெய்யாக அஞ்சுகின்றாரோ அவ்வளவு மிகுதியாக நாம் நகைக்கின்றோம். இடையில் ஒரு கணம் தாமும் நகைத்திருப்பாராயின், அனைத்தும் விளையாட்டாகிச் சுவை குன்றியிருக்கும்.

இக்கதை நம்புதற்கரியது. ஒரே முகம் உடைய நால்வர், ஆள்மாறாட்டம், மலைச்சரிவில் தொங்கும் வீடு என்று அளவிறந்து செல்லும் கற்பனை அது. அத்தகைய கதைக்கு மண்ணில் ஊன்றிய கால் ஒன்று வேண்டும். தலைமை நடிகர் நான்கு உருவில் பறந்து திரிய, மணி அய்யர் போன்றோர் தம் அடுப்பையும் அண்டாவையும் விட்டு விலகாமல் நிற்கின்றனர். தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் பிரித்துரைத்தார். இப்படத்தில் தலைவன் நாடக வழக்கு எனின், துணைப்பாத்திரம் உலகியல் வழக்கு எனலாம். இரண்டும் கூடியபோதே புலனெறி அமைகின்றது.

பயன்படுத்தாமல் விடப்பட்ட ஆற்றல்

இதுகாறும் கூறிய மூன்றனுள் இரண்டு பாத்திரங்கள் அய்யர் என்றே பெயர் பெற்றவை. 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'யிலும் அவர் சேதுராமய்யர். பார்ப்பனக் குடும்பத்துப் பேச்சு, நடுத்தர வாழ்வு, நல்ல மனம், சிறிது அச்சம் என்று ஓர் அச்சினை இயக்குநர் பலர் அவர்க்கென வைத்துக்கொண்டனர். அவ்வச்சினை அவர் செம்மையாகவே நிறைவித்தார். எனினும் அவர் ஆற்றலின் எல்லை அதுவே எனக் கருதுதல் பிழையாம். அதற்கு இரண்டு மறுப்புச் சான்றுகள் உள.

முதலாவது, 1979இல் துரை இயக்கிய 'பசி'. சென்னைக் குடிசைப் பகுதி மக்களின் வாழ்வைப் பற்றிய படம். தலைமைப் பாத்திரம் ஏற்ற சோபாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அவள் தந்தையாக, மிதிவண்டி ரிக்சா இழுக்கும் தொழிலாளியாகக் கணேஷ் நடித்தார். தமிழக அரசு அவர்க்குச் சிறப்புப் பரிசு அளித்தது. நெல்லைச் சீமையிற் பிறந்து, வான்படையிற் பணிபுரிந்து, தலைநகர் மேடையிற் பயின்ற ஒருவர், சென்னைக் குடிசைவாழ் மக்களின் பேச்சையும் நடையையும் தம்முடையனவாக்கிக் கொண்டார். பாலக்காட்டுத் தமிழும் அவ்வாறே அவர் பின்னர்க் கைவரப் பெற்றது. வட்டார வழக்கை நகைப்புக்கெனப் பேசுதல் வேறு. அவ்வழக்கில் ஒருவன் வாழ்வதாகக் காட்டுதல் வேறு. இவர் செய்தது பின்னையது.

இரண்டாவது, 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்'. இதில் கணேஷ் பிரான்சிஸ் அன்பரசு என்னும் கொடியவன். நேர்மையான காவல் அதிகாரியைக் கொன்ற நால்வருள் ஒருவன். அக்கொடியவனிடத்தும் கூச்சலோ விழியுருட்டலோ இல்லை. நம் தெருவில் நாள்தோறும் காணும் ஒருவர் போன்றே அவன் இருக்கின்றான். அதனாலேயே அவன் செயல் நம்மைத் துணுக்குறச் செய்கின்றது. குருமூர்த்தியிடத்து இரக்கத்துக்குப் பயன்பட்ட அதே அடங்கிய நடிப்பு இங்கே கொடுமைக்குப் பயன்பட்டது. இவ்வாய்ப்புகள் அவர்க்கு மிகுதியாக வழங்கப்படவில்லை. அரை நூற்றாண்டில் நானூறு படங்கள் எனும்போது, அவற்றுட் பல ஒரே தந்தையையும் ஒரே மாமனையும் திரும்பத் திரும்பக் கேட்டவை என்பதனை மறைத்தல் ஆகாது. இழப்பு அவர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ்த் திரைக்கும் உரியது.

மேலும் ஓர் உண்மையைக் கூறுதல் வேண்டும். வாயில் எவ்வளவு செம்மையாக அமைந்தாலும், உள்ளே வீடு இல்லையேல் அது வெறும் கற்சட்டமே. தலைமைப் பாத்திரம் உள்ளீடற்றதாக அமைந்த படங்களில் கணேஷின் நடிப்பு நம்மைச் செலுத்துதற்கு இடமின்றி நின்றுவிடுகின்றது. தலைமை நடிகர் தனித்து நின்று ஒரு படத்தைக் காப்பாற்றக் கூடும். துணை நடிகர்க்கு அவ்வாய்ப்பு அரிது. இஃது அவர் கலையின் குறை அன்று. அதன் இயல்பான வரம்பு.

தொலைக்காட்சியும் குறும்படமும்

தொலைக்காட்சித் தொடர் வேறு இலக்கணம் உடையது. திரைப்படத்தில் துணைப்பாத்திரத்துக்குக் கிடைப்பது சில நிமிடம். தொடரில் அது பல வாரங்களாக நீள்கின்றது. சில நிமிடங்களில் ஒரு வாழ்வைச் சுருக்கிக் காட்டப் பயின்ற நடிகர்க்கு இந்நீட்சி உதவியும் ஆகும், தீங்கும் ஆகும். நாள்தோறும் வீட்டுக் கூடத்தில் தோன்றுவதால் அவர் காண்பார்க்கு உறவினர் போல் ஆகின்றார், இது உதவி. கதையை நீட்டும் பொருட்டு ஒரே உணர்ச்சியைப் பலகால் காட்ட நேர்வது தீங்கு. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' போன்ற தொடரில் கதைக்கே முதலிடம் இருந்தது. ஆதலின் அங்கு அவர்தம் அடங்கிய நடிப்புக்கு இடம் உண்டாயிற்று. மருட்கையையும் அச்சத்தையும் சார்ந்த அக்கதைக்கு, நம்பத்தக்க முகம் ஒன்று இன்றியமையாதது.

முதுமையில் அவர் இளைஞர் எடுத்த குறும்படங்கள் பலவற்றில் நடித்தார். பேட்மேன் சென்னையில் பிறந்திருந்தால் எப்படி இருக்கும் என்னும் கற்பனையில் எழுந்த நகைச்சுவைக் குறும்படத்தில், அவ்வீரனின் இல்லப் பணியாளர் ஆல்பிரடாக வந்தார். அயல்நாட்டுக் கதையொன்றைத் தமிழகத்துக்குக் கொணர எண்ணிய இளைஞரும், தலைவன் அருகில் நிற்பவர் யார் என்று எண்ணியபோது இவரையே நாடினர். நாற்பதாண்டுத் தொழில் ஒரு முகத்துக்கு அளித்த பொருள் இது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. துணை நடிகர் தலைமை நடிகரின் சிறிய வடிவம் அல்லர். அவர் தொழில் வேறு. தம்கண் ஒரு மெய்ப்பாட்டைத் தோற்றுவித்து, காண்பார்கண் வேறொன்றை விளைத்து, அவரைத் தலைவனிடத்துச் செலுத்துதல் அத்தொழிலாகும். குருமூர்த்தியின் இளிவரல் ஜே.கே.பி.யின் உயர்வையும் வீழ்ச்சியையும் அளந்தது. மொழிபெயர்க்கும் அய்யரின் அச்சம் நாயக்கரின் பெருமிதமாயிற்று. மணி அய்யரின் அச்சம் நம் நகையாயிற்று. இவ்வளவையும் ஒருவர் தம்மை முன்னிறுத்தாமல் செய்தார்.

2024 நவம்பர் 9ஆம் நாள் இரவு, தம் 80ஆம் வயதில், சென்னையில் அவர் காலமானார். அவர் நடித்த படங்களுள் பெரும்பான்மை இன்னும் கிடைக்கின்றன. அவற்றை ஆண்டு முறையில் தொகுத்து, பாத்திரம், பேச்சு வழக்கு, காட்சியின் பயன் என்னும் மூன்று தலைப்பில் வகைப்படுத்துதல் ஓர் ஆராய்ச்சி மாணவர்க்கு ஏற்ற பணியாகும். எஸ்.வி. சுப்பையா, டி.எஸ். பாலையா, வி.கே. இராமசாமி, பூர்ணம் விசுவநாதன் முதலியோர்க்கும் இம்முறையே பணி செய்தல் வேண்டும். தோழியையும் பாங்கனையும் பாணனையும் தனித்தனியே ஆராய்ந்தமையாலன்றோ அகப்பாடல்களின் நுட்பம் நமக்கு விளங்கிற்று. திரைக்கலையிலும் அவ்வாறு ஆராயுங்காலத்து, 'இயல்பாக நடித்தார்' என்னும் தொடர் முடிவுரையாக நில்லாது. ஆராய்ச்சிக்குரிய முதல் வினாவாக அமையும்.